இந்தியா அக்கா பொடி

விடிந்ததும் போனைத் திறந்தால் முதலில் வருவது ஒரு ரோஜாப்பூ. அதற்கடுத்துப் பிள்ளையார், பிறகு ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை, கைகூப்பிய குழந்தை, "இனிய காலை வணக்கம்" என்று மினுங்கும் எழுத்து. இவற்றை அனுப்புகிறவர்கள் என் சிநேகிதிகள் அல்ல. என்னிடம் சாம்பார்ப் பொடியும் இட்லிப் பொடியும் வாங்குகிறவர்கள், என் கடையின் முகநூல் பக்கத்துக்கு அனுப்புகிறார்கள். திருச்சியில் ஒரு மளிகைக் கடைக்காரருக்குத் தினமும் காலையில் ரோஜாப்பூ அனுப்பினால் அவர் வீட்டில் சண்டை வந்துவிடும். இங்கே இலங்கை மலையகத்தில், கொட்டகலையில், பதிலுக்கு நான் ஒரு பூ அனுப்பாவிட்டால்தான் சண்டை. "அக்காவுக்கு இப்ப நம்மளயெல்லாம் கண்ணுக்குத் தெரியாது போல" என்று மிளகாய் வறுபடுவதற்குள் ஒரு செய்தி வந்துவிடும். அதனால் அடுப்புப் பற்ற வைக்கும் முன்னால் உட்கார்ந்து ஆளுக்கொரு பூவாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். வாங்கப் போகிறாரா இல்லையா என்று யாரையும் கேட்கவும் முடியாது. பூ அனுப்புகிறவரிடம் எப்படி வியாபாரம் பேசுவது?

திருச்சிப் பக்கத்திலிருந்து இதை வாசிப்பவர்களுக்கும், என்னைப் போலக் கல்யாணம் கட்டிக் கடல் தாண்டியவர்களுக்கும் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அம்மா லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பா கொட்டகலை. இரண்டு பேருமே சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, இரண்டு நாட்டு அரசாங்கமும் பேசி முடித்த ஒப்பந்தத்தின்படி, "உங்கள் நாடு இந்தியா" என்று சொல்லிக் கப்பலேற்றப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கல்யாணமாகியிருந்த அப்பாவின் அக்கா மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். அந்த அத்தையின் மகன் ரவியைத்தான் நான் கட்டிக்கொண்டேன். ஆக, அம்மாவும் அப்பாவும் விட்டுப்போன இடத்துக்கே நான் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்து சேர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விசாவைப் புதுப்பித்துக்கொண்டு, சொந்த அத்தை வீட்டில் வெளிநாட்டுக்காரியாக இருக்கிறேன்.

ரவி கொட்டகலை ஸ்டேஷனுக்கு முன்னால் த்ரீவீல், அதாவது நம்ம ஊர் ஆட்டோ, ஓட்டுகிறார். சாமான் விலை ஏறிய ஏற்றத்தில், தேய்ந்த டயரை மாற்றுவதா, வீட்டுக்கு அரிசி வாங்குவதா என்று யோசிக்கும் நிலைமை வந்தது. கத்தாரில் இருக்கும் அவருடைய சிநேகிதர் டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டார். மெடிக்கல் எல்லாம் முடிந்து, ஹட்டனில் போய்ச் சக்கரம் வைத்த பெரிய பை ஒன்றும் வாங்கி வந்தார். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். இவரை நம்பித்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். இவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் எனக்கு இங்கே என்ன இருக்கிறது? அன்று நான் அழுத அழுகையில் அத்தைகூடப் பயந்துவிட்டார். கடைசியில் ரவி இறங்கி வந்தார். "சரி, தீவாளி வரைக்கும் பாப்போம் புள்ள. ஒன் பொடி ஓடுச்சின்னா நான் நிக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பொடி என்பது வெறும் பொடியில்லை.

வியாபாரத்தைப் போனில்தான் வளர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண் இணையவழியில் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். நல்ல பெண்தான். பிராண்ட் என்றால் ஒரு கதை, உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்பார். ஒரே நிறம், ஒரே எழுத்து, வாரத்துக்கு இத்தனை படம் என்று சொல்லித் தந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் அழுத்திச் சொன்னது ஒன்று. கடைப் பக்கம் கடையாகவே இருக்க வேண்டும், அதிலிருந்து யாருடைய கல்யாணப் படத்துக்கும் பிறந்தநாள் படத்துக்கும் லைக் போட்டுக்கொண்டிருந்தால் அது கடையாகவே தெரியாது என்றார். எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. என் சொந்தக் கணக்கை மூடினேன். எல்லா நேரத்தையும் கடைப் பக்கத்துக்கே கொடுத்தேன். பெயர் வைப்பதற்கு மட்டும் பல நாள் யோசித்தேன். "கொட்டகலைக் கைப்பக்குவம்" என்று வைத்தேன். பச்சை எழுத்தில் மலை வரைந்து, அதற்குக் கீழே ஒரு அடுப்பு. பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

பூரிப்பு அந்த வாரமே வடிந்தது. சாம்பார்ப் பொடி அரைக்கும் படத்தைப் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், "இது எங்கட சரக்குத்தூள் மாதிரியெல்லோ கிடக்கு" என்று எழுதினார். திருச்சியில் என்னோடு படித்தவள், "இது நம்ம ஊரு கலரே இல்லயே, சிலோன் மசாலா மாதிரி இருக்கு" என்று எழுதினாள். நோர்வூட்டிலிருந்து ஒரு தங்கை, "இந்தியா சாமான்தானே அக்கா, அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்று எழுதி மூன்று பூப் போட்டாள். இந்தியச் சாமான் இல்லை அம்மா, இங்கே கொட்டகலையில் என் அடுப்பில் வறுத்து, பஸாரில் இருக்கும் மில்லில் அரைத்தது என்று பதில் எழுதினேன். அதற்கப்புறம் அவளிடமிருந்து பூவும் வரவில்லை, ஆர்டரும் வரவில்லை. மில் நடத்தும் முஸ்லிம் அண்ணனிடம் (இங்கே நானா என்பார்கள்) சொல்லிப் புலம்பினேன். அவர் தூள் பறக்கும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொட்டகல தூள கொட்டகலயில யாரு தங்கச்சி காசு குடுத்து வாங்குவா? அது அவங்கவங்க வீட்லயே இருக்கே. இந்தியான்னு போடுங்க, சாமான் ஓடும்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த மல்லி மூட்டை இந்தியாவிலிருந்து வந்ததுதான். இங்கே எல்லோர் வீட்டுக் கறியிலும் அந்த மல்லிதான் கொதிக்கிறது. அதை எடுத்துச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அதற்குள் என்னை எல்லோரும் "இந்தியா அக்கா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டேஷனில் ரவியிடம், "அண்ணே, இந்தியா அக்கா நல்லாருக்காங்களா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் இருக்கிறது. திருச்சிக்கு வெளியே நாங்கள் குடியிருந்த காலனிக்குப் பெயரே சிலோன் காலனி. என் வகுப்பில் இரண்டு செல்விகள் இருந்தோம். ஒருத்தி செல்வி, நான் சிலோன் செல்வி. டீச்சர் அப்படித்தான் பெயர் கூப்பிடுவார். நானும் "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நிற்பேன். சிலோனை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் அம்மாவைப் பார்த்து, "சிலோன்காரம்மா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்பார்கள். அம்மா தள்ளி நிற்பார். கல்யாணம் பேசியபோது எனக்கிருந்த சந்தோஷங்களில் ஒன்று, இனிமேல் என் பெயருக்கு முன்னால் ஒரு நாட்டை ஒட்ட மாட்டார்கள் என்பது. சிலோனிலேயே போய் இருப்பவளை யார் சிலோன்காரி என்பார்கள்? இவர்கள் வேறு நாட்டை எடுத்து ஒட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இதற்கிடையில் பொட்டலம் அனுப்பும் பாடு தனி. கூரியர்ப் பையன் சிங்களத்தில் போன் செய்து, "கொஹேத இன்னே நங்கி?" என்பான். எங்கே இருக்கிறீர்கள் தங்கச்சி என்று அர்த்தமாம். எனக்குத் தெரிந்த ஒரே சிங்களத்தில் நான், "ஹரி, ஹரி" என்பேன். சரி, சரி. அவனும் சரி என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். வாங்குகிறவர்களோ "கோயிலடி லயம், சுமதி வீட்டுக்கு அடுத்த வீடு" என்று முகவரி கொடுப்பார்கள். அந்தத் தோட்டத்தில் கோயிலடி லயத்தில் எல்லா வீடும் ஏதோ ஒரு சுமதிக்கு அடுத்த வீடாகத்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் எப்படியோ ஆர்டர் ஏறிக்கொண்டுதான் வந்தது. தீபாவளி நெருங்க நெருங்க இரண்டு அடுப்பில் வறுத்தேன். திடீரென்று எல்லாம் நின்றது. படம் போட்டால் லைக் இல்லை. காலையில் ரோஜாப்பூகூட இல்லை. போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். வகுப்பு எடுத்த பெண்ணுக்கு எழுதினேன். காசு கட்டி விளம்பரமாகப் போடுங்கள் என்றார். போட்டேன். கொழும்பில் யாரோ ஒருவர் பார்த்துவிட்டு, டெலிவரி உண்டா என்று சிங்களத்தில் கேட்டிருப்பதாக ரவி வாசித்துச் சொன்னார். அதோடு சரி. கட்டிலுக்கு அடியில் இருந்த பையை ரவி ஒருநாள் இழுத்து வெளியே வைத்துத் துடைத்தார்.

விஷயத்தைச் சொன்னவர் அத்தைதான். முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டே, "லிந்துல சின்னத்த மகளோட சடங்கு போட்டோவுக்கு நீ லைக்கே போடலியாமே?" என்றார். சின்னத்தை என்பவர் என் மாமனாருடைய தம்பி மனைவி. அவர் மகள் பெரியவளானபோது நடந்த சடங்குக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். மழையில் நனைந்துகொண்டு போய், மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, பிள்ளைக்கு நலுங்கு வைத்துவிட்டுத்தான் வந்தேன். "போனேனே அத்தை, நீங்களும்தானே கூட இருந்தீங்க" என்றேன். "போனது சரி. அவங்க ஒம் பொடி போட்டோ ஒன்னு விடாம லைக் போட்டுருக்காங்க. நீ திருப்பிப் போடல. அந்தப் பக்கத்து ஆளுக எல்லாருக்கும் வெசனமாப் போச்சி. இனி ஒன் பேஜு பக்கம் போகக் கூடாதுன்னு பேசிக்கிட்டாங்களாம்" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். லைக்கை மொய்யாக வைத்திருக்கிறார்கள்! நான் இத்தனை மாதமாக அதை வியாபார வளர்ச்சி என்று எண்ணிக்கொண்டு, வகுப்பில் எல்லோர் முன்னாலும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். என் சாம்பார்ப் பொடியைப் பிடித்துப்போய் ஒருவரும் லைக் போடவில்லை. ரவியின் மனைவி ஏதோ செய்கிறாள், கை கொடுக்க வேண்டும் என்று வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்ப வரும் என்று காத்திருந்திருக்கிறார்கள். அதற்கு நான் கடையின் கௌரவம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். இதை எந்த வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்?

அத்தை சொல்படி பழம் வாங்கிக்கொண்டு லிந்துலைக்குப் போனேன். தலவாக்கலையில் இறங்கி வேறு பஸ் பிடித்து, அதிலும் நின்றுகொண்டே போனேன். சின்னத்தை அப்போதுதான் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "வா. பிளேன்டீ குடிக்கிறியா, இல்ல கடைக்கு நேரமாச்சா?" என்றார். நான் உட்கார்ந்தேன். கடைப் பக்கம் வேறு, நான் வேறு என்று வகுப்பில் படித்ததைப் பொறுமையாக விளக்கினேன்.

"அதெப்புடி வேற? அதுல ஒம் மூஞ்சிதானே இருக்கு?" என்றார் சின்னத்தை. "நீ வந்த, மொய் வச்ச, சாப்புட்ட. அது வந்தவங்களுக்குத்தானே தெரியும்? வராதவன்லாம் போட்டோவுலதான் பாக்குறான். துபாய்ல இருக்க என் தம்பி போனப் போட்டுக் கேக்குறான், 'ஏங்க்கா, ரவி வீட்டுல ஏதும் மனஸ்தாபமா, ஒருத்தரு பேரையும் காணோமே'ன்னு. நான் என்னான்னு சொல்லுவேன்? நீயே சொல்லு பாப்போம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் பேச்சில் நியாயம் இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. போனை எடுத்து, "இப்பவே போட்டுடறேன் சின்னத்தை" என்றேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. வெளியே தண்ணீர்க் குழாயடியில்தான் வருமாம். தூறலில் ஒரு குடைக்குக் கீழே இரண்டு பேரும் நின்றோம். பிள்ளை தாவணியில், பிள்ளை கிரீடத்தோடு, பிள்ளை பிளாஸ்டிக் அன்னத்தில், பிள்ளையோடு மாமாமார், பிள்ளையோடு தட்டுத் தூக்கியவர்கள். நான் லைக் போடப் போட, சின்னத்தை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். "கட்ட வெரல் வேணாம். பஸ்ஸ நிப்பாட்டுற மாதிரி இருக்கு. அந்தச் செவப்பு இதயத்தப் போடு" என்றார். போட்ட கட்டைவிரலையெல்லாம் எடுத்துவிட்டு முதலிலிருந்து இதயமாகப் போட்டேன். நடுவில் சிக்னல் போய்விட்டது. காத்திருந்து மீதியையும் போட்டேன். முடிந்ததும் அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. உள்ளே கூட்டிப்போய் ரொட்டி சுட்டு, மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு வைத்தார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விளக்கு வெளிச்சம் மங்கல். என் வாயில் ரொட்டி. பின்னால் யார் வீட்டுக் குழந்தையோ அழுகிறது. "எல்லாரும் பாருங்க, இவங்கதான் எங்க ரவியோட பொஞ்சாதி, இந்தியா அக்கா. இந்தியாவுலருந்து நமக்காக வந்து பொடி அரைக்கிறாங்க. தீவாளிக்கு எல்லாரும் வாங்கணும், சொல்லிட்டேன்" என்று முடித்து, அதற்கு ஒரு சாமிப் பாட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார். நிறம், எழுத்து, ஒழுங்கு என்று நான் படித்ததில் ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. நான் கொட்டகலைக்கு வந்து சேர்வதற்குள் அது மஸ்கெலியா வரைக்கும் போயிருந்தது. தோட்டம் தோட்டமாக, குரூப் குரூப்பாகப் போனது. மறுநாள் காலையில் ரோஜாப்பூக்கள் திரும்பி வந்தன. ஆர்டரும் வந்தது, என் வாழ்நாளில் பார்த்திராத அளவுக்கு.

சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், நோர்வூட்டுக்கு அனுப்பிய பொட்டலங்களை ரவி அப்படியே த்ரீவீலில் திருப்பிக் கொண்டுவந்தார். "டூப்ளிகேட்டாம் புள்ள" என்றார். எனக்குப் புரியவில்லை. "கொட்டகலைக் கைப்பக்குவம்னு போட்டுருக்காம். எங்களுக்கு இது வேணாம், இந்தியா அக்கா பொடிதான் வேணும்கிறாங்க. ரெண்டும் ஒன்னுதான்னு சொல்லிப் பாத்தேன். 'அண்ணே, எங்கள ஏமாத்தப் பாக்குறீங்களா'ன்னு கேக்குறாங்க." என் கையால் வறுத்து, என் கையால் கட்டிய பொடிக்கு நான் போலி. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அந்தப் பொட்டலங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கத்தாரிலிருந்து ரவியின் சிநேகிதர் பேசினார். டிக்கெட் போடவா வேண்டாமா, முடிவாகச் சொல் என்றார். ரவி என்னைப் பார்த்தார். "பேரை மாத்திடறேங்க" என்றேன். அவருக்கு என் சிலோன் செல்விக் கதை எல்லாம் தெரியும். போனைக் கையால் மூடிக்கொண்டு, "ஒனக்குப் புடிக்காத பேராச்சே புள்ள" என்றார். "நீங்க கத்தாருக்குப் போறது அதைவிடப் புடிக்கல" என்றேன். அவர் சிநேகிதரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் வாசலில் போய் நின்றார்.

ஹட்டனில் அச்சகத்துப் பையன் உற்சாகமாகி, மயிலும் தாமரையும் மூவர்ணக் கொடியுமாகப் போட்டு ஒரு லேபிள் செய்து காட்டினான். கொடி வேண்டாம் தம்பி என்றேன். "அப்ப நம்ம சிங்கக் கொடியப் போடவா?" என்றான். எந்தக் கொடியும் வேண்டாம் என்றேன். இந்தியா என்று பெயர் வைத்துவிட்டு எதற்குக் கொடி வேண்டாம் என்கிறேன் என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. என் படத்தைப் பெரிதாகப் போட்டு, "இந்தியா அக்கா பொடி" என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தான். கீழே ஓரத்தில் "தயாரிப்பு: கொட்டகலை" என்று சின்னதாகப் போடச் சொன்னேன். அதைப் போட்டான். அதை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

தீபாவளிக்குப் பொடி நன்றாக ஓடியது. ரவி போகவில்லை. கத்தாருக்கு வாங்கிய பையில் பொட்டலங்களை அடுக்கி, த்ரீவீலின் பின்சீட்டில் வைத்துத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பண்டிகை முடிந்த வாரம் திருச்சியிலிருந்து அம்மா வீடியோவில் பேசினார். புது லேபிளைக் கடையின் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தேனே, அதைப் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருத்தி காட்டினாளாம். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெயரைப் பார்த்து அம்மா வருத்தப்படுவார் என்று நினைத்து, என் கஷ்டத்தையெல்லாம் மளமளவென்று கொட்டினேன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் இந்த ஊர்க்காரர்கள் என்னை இந்தியாக்காரி என்றேதான் சொல்கிறார்கள் என்றேன்.

போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். திரையில் அவர் முகம் அப்படியே இருந்தது. கண் மட்டும் நிறைந்திருந்தது.

"நெசமாவா சொல்றாங்க? இந்தியாக்காரின்னா?" என்றார். "நான் இந்த ஊருக்கு வந்து எத்தன காலமாச்சு. ஓட்டுப் போடுறேன், ரேஷன் வாங்குறேன். ஒருத்தரு, ஒரு நாளு, என்னை அப்புடிச் சொன்னதில்லடி. நீ அங்கன போயி அந்தப் பேர வாங்கிட்டியே."

அடுப்பில் மிளகாய் கருகும் வாசனை வந்தது. நான் அசையாமல் இருந்தேன்.

"அந்தப் பேரு எழுதுன கவரு ஒன்னு இருந்தா யாருட்டயாச்சும் குடுத்து அனுப்பு" என்றார் அம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பொடி வேணாம். கவரு மட்டும் போதும். ரேஷன் கடைக்காரங்கிட்ட காட்டணும்."